காலி வயிற்றுப் பாம்புகள்

வெண்மதிக்குக் கோபமே வராது. அவளுக்கும் சேர்த்து நான்தான் கத்த வேண்டும். சிதம்பரத்தில் இரண்டு பேருக்கும் ஒரே ஆராய்ச்சிக்கூடம். எனக்கு நண்டு, அவளுக்குக் கடல்பாம்பு. அதிலும் சின்னத் தலையும் கொடிய விஷமும் உள்ள ஓர் அரிய வகை. இப்போதெல்லாம் அது வலையில் விழுவதே இல்லை. மிச்சம் இருப்பவை எங்கள் அருங்காட்சியகக் கண்ணாடி ஜாடிகளில் கிடப்பவைதான். அவற்றின் வயிற்றைத் திறந்து, என்ன தின்றன என்று பார்ப்பது அவள் ஆராய்ச்சி. அவள் டாக்டர் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது.

ஜாடியைத் தொட அனுமதி வாங்குவதற்குள் உயிர் போய்விட்டது. ஆளாளுக்கு நாளைக்கு வா என்றார்கள். ஒருவழியாகத் திறந்தால் முதல் பாம்பின் வயிறு காலி. பாவம், பட்டினியாகச் செத்திருக்கும் என்றாள். அடுத்ததும் காலி. இரை இல்லாதது கிடக்கட்டும், குடலே இல்லை. கெடாமலிருக்க மருந்து இறங்கப் போட்ட கீறல் என்று நாங்கள் நினைத்திருந்த இடத்தின் வழியாக யாரோ எல்லாவற்றையும் வழித்து எடுத்திருந்தார்கள். எல்லா ஜாடியிலும் அதே கதை.

"எந்தக் கட்டையில போறவன் பண்ண வேலைடி இது?" என்று கத்தினேன். அவள் ஜாடியின் மூடியைத் திருகி மூடினாள். பேராசிரியர் தலைப்பை மாற்றிக்கொள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

ஜாடிச் சீட்டில் முதுநகர் என்று மட்டும் இருந்தது. அவள் ஊர்தான். அம்மா சின்னம்மாள் அங்கே துறைமுகத்தில் மீன் வெட்டுகிறவர். பாம்பு கொடுத்தது யாரென்று கேட்கலாம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அம்மா அருவாமனையிலிருந்து நிமிராமலே பதில் சொன்னார்.

"நாந்தாண்டி குடுத்தேன், நீ சின்னப் புள்ளையா இருக்கையில. காலேஜ்ல கேட்டாங்கன்னு உங்கப்பா வலையில செத்து வந்ததெல்லாம் எடுத்தாந்தாரு. படிச்சவங்களுக்கு நாத்தத்தோடவா குடுக்கறது? பெரிய மனுசங்க வூட்டுக்கு மீன் குடுக்கற மாதிரி, குடல எடுத்துக் கழுவித்தான் குடுத்தேன்."

உள்ளே என்ன இருந்தது என்று நான்தான் கேட்டேன்.

"அத யாரு பாத்தா? வெஷமாச்சேன்னு கடல்லயே கொட்டிட்டேன்."

அப்போதுதான் மகளின் முகத்தைப் பார்த்தார். தப்பா பண்ணிட்டனா என்று மெதுவாகக் கேட்டார். இனிமேல் விழுந்தால் குடலோடு அப்படியே எடுத்து வைக்க அப்பாவிடம் சொல்வதாகச் சொன்னார்.

"இனிமே எங்க வுழப்போவுதும்மா?" என்று வெண்மதி கத்தினாள்.

பக்கத்தில் மீன் வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.