கையெழுத்துக்கு முன்னால் தீர்மானம்

உத்திரமேரூர்க் கல்வெட்டைச் செய்திகளில் பலமுறை குறிப்பிட்டிருக்கிறேன், நேரில் பார்த்ததில்லை. அதிகாரத்துக்கு எழுத்தால் கடிவாளம் போடலாம் என்று நம்பி பத்திரிகை வேலைக்கு வந்தவன் நான். அந்த நம்பிக்கையைத் தேடித்தான், ஓய்வுபெற்ற பிறகு, இந்த ஆகஸ்ட் 15 அன்று கிளம்பினேன்.

காஞ்சிபுரத்தில் காலை 7.10 பேருந்து. சுமார் 28 கிலோமீட்டர், 30 ரூபாய், ஒரு மணி நேரம். வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு நடந்தே போகலாம். சுவரில் சோழர் காலத்து எழுத்து: குடவோலையில் யார் பெயர் எழுதலாம், கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் என்ன தடை. ஆள்பவரையும் விதி கட்டும் என்று அன்றே எழுதினார்களே என நெகிழ்வோர் உண்டு. நிலமும் வேதமும் உடையவருக்கு மட்டும்தானே என்று கேட்போரும் உண்டு. இரண்டையும் நான் எழுதியிருக்கிறேன்.

கிராம சபை ஒன்றைப் பார்க்க, மானாம்பதி சாலையில் ஷேர் ஆட்டோ ஏறினேன். ஆறு கிலோமீட்டர், 20 ரூபாய்.

"கோயில்ல இன்னா சார் எழுதிக்கீது?" என்றார் ஓட்டுநர்.

"சொந்த மனையில வீடு இருந்தாத்தான் சபை உறுப்பினர் ஆகலாம்னு ஒரு விதி."

"கேட்டியாக்கா? உன் பதவி காலி!"

என் பக்கத்தில் இருந்த பெண் நான் போகிற ஊரின் வார்டு உறுப்பினர். அவர் தெருவில் இருபத்திரண்டு வீடும் புறம்போக்கில். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது. பட்டா கேட்டு அன்று தீர்மானம் போட வேண்டும்.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டுடா," என்றவர், என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எங்க வூட்டயும் அப்டி கல்லுல எழுதி வச்சா எப்டி இருக்கும் சார்! எவனும் வந்து எழுந்திருன்னு சொல்ல மாட்டான்."

பதினொரு மணிக்குச் சபை. தீர்மானப் புத்தகத்தின் வெற்றுப் பக்கத்தில் முதலில் எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். செயலர் பிறகு எழுதிக்கொள்வார். அதுதான் அங்கே வழக்கம். போன முறை வார்டு உறுப்பினரும் அப்படிப் போட்டுவிட்டுப் போனார். பட்டாக் கோரிக்கை புத்தகத்தில் ஏறவே இல்லை.

"போடும்மா, அப்பால எழுதிக்கிறேன்," என்றார் செயலர்.

"போன வாட்டியும் அதான் சொன்னீங்க. எழுதுங்க, போடறேன்."

"பேஜார் பண்ணாதம்மா. பின்னால எல்லாரும் நிக்கிறாங்கோ."

"நிக்கட்டும். எங்க தெருதான் நிக்குது."

நாற்பது நிமிடம் யாரும் நகரவில்லை. செயலர் எழுதினார். வார்டு உறுப்பினர் அதை உரக்கப் படித்து, விடுபட்ட புல எண்ணைச் சேர்க்கச் சொல்லி, அதன் பிறகே கையெழுத்திட்டார்.

"பட்டா வந்துடுமா?" என்றேன்.

"தெரியாது சார். கேக்கவே இல்லன்னு இனிமே சொல்ல முடியாதில்ல."

'தீர்மானம் நிறைவேறியது' என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்! அதை எப்போது எழுதினார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போகிறவர்கள் கிராம சபை நாளில் போங்கள். தண்ணீரும் குடையும் வேண்டும்; ஊருக்குள் சாப்பாட்டுக் கடை இல்லை. பகல் ஒரு மணி ஆட்டோவை விட்டால் அடுத்தது நான்கு மணிக்குத்தான். நான் விட்டுவிட்டேன். வரிசையில் இன்னும் ஏழு பேர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.