இழுக்க இழுக்க அமுங்கிய பாறை

நான் பாறையைக் கையால் உடைத்ததில்லை. கம்ப்யூட்டரில்தான் உடைத்திருக்கிறேன், அதுவும் சம்பளத்துக்கு.

எங்கள் ஆபீஸ் பெங்களூரில் எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி, கீழே பேக்கரியும் மேலே ஜிம்மும் உள்ள ஒரு கட்டடத்தின் நடு மாடி. மேலே யாராவது எடையைத் தொப்பென்று போட்டால் எங்கள் மேஜையில் டீ ஆடும். குழந்தைக்காக வேலையை விட்டு ஏழு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தேன். அதற்கு முன்னால் கார் உதிரிபாகங்கள் எங்கே உடையும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள். "ஆறு மாசம் பார்க்கலாம்" என்று சொல்லித்தான் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் "பார்க்கலாம்" எப்படிப்பட்ட சொல் என்று இடைவெளி விட்டு வேலை தேடிய பெண்களுக்குத் தெரியும்.

ஆறாவது மாசம் கையில் வந்தது இந்த வேலை. நடுவில் கெட்டியான ஒரு பாறை அடுக்கு, அதற்கு மேலும் கீழும் கொஞ்சம் இளகிய அடுக்குகள். மூன்றையும் சேர்த்து இரண்டு பக்கமும் இழுத்தால் கெட்டி அடுக்கில் விரிசல் விழும். எவ்வளவு நெருக்கமாக விழும் என்று சொல்ல வேண்டும். கேட்டது நிலத்தடி நீர் தேடும் ஒரு கம்பெனி. பாறைக்குள் தண்ணீர் ஓடுவது விரிசல் வழியாகத்தான் என்பதால், விரிசல் நெருங்க நெருங்க அவர்களுக்குச் சந்தோஷம், எங்களுக்கும் சந்தோஷம்.

முதல் ஆச்சரியம் முதல் நாளே வந்தது. கம்ப்யூட்டரில் பாறையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்போம். எல்லாக் கட்டத்துக்கும் ஒரே பலத்தைக் கொடுத்து இழுத்தால் அது ஒழுங்காக உடையவே மாட்டேன் என்கிறது. எங்கே தொடங்குவது என்று அதற்குத் தெரியவில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் பலத்தைத் துளித்துளி கூட்டிக் குறைத்துத் தூவிவிட்டால்தான் உண்மைப் பாறை போல நடந்துகொள்கிறது. வேறு மாதிரி தூவிப் பார்த்தேன், விரிசல்கள் வேறு இடங்களில் விழுந்தன. ஆனால் அவற்றுக்கு இடையிலுள்ள தூரம் கடைசியில் கிட்டத்தட்ட அதேதான். எந்த இடம் என்று யாராலும் சொல்ல முடியாது, எவ்வளவு தூரம் என்று மட்டும் அடித்துச் சொல்லலாம். எனக்குக் கை சிலிர்த்தது. சும்மா ஒரு படத்தைப் பார்த்துச் சிலிர்ப்பதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்புறம்தான் வினை. இழுத்தேன், ஒரு விரிசல் விழுந்தது. இன்னும் இழுத்தேன், இரண்டு விரிசல்களுக்கு நடுவில் புதிதாக ஒன்று. இப்படியே போய்க்கொண்டிருந்தது திடீரென்று நின்றுவிட்டது. எவ்வளவு இழுத்தாலும் இருக்கிற விரிசல்கள்தான் வாய் பிளந்தன, புதிதாக ஒன்றும் விழவில்லை. திரையில் இழுபடும் இடத்துக்குச் சிவப்பு, அமுங்கும் இடத்துக்கு நீலம். ஒவ்வொரு துண்டின் நடுவிலும் நீலம் உட்கார்ந்திருந்தது. இழுக்கிறேன், அது அமுங்குகிறது.

என் மேலாளர் என்னைவிட ஆறு வயது இளையவர், திருச்சிக்காரர், கெட்டவர் இல்லை. திரையைப் பார்த்ததும் சிரித்தார்.

"பிளஸ் மைனஸ் மாத்திப் போட்டுட்டீங்க மேடம். பாறைக்காரங்களுக்கு அமுக்கம்தான் பிளஸ். உங்க கார் பக்கம் இழுப்பு பிளஸ். அங்கேர்ந்து வர்ற எல்லாரும் பண்ற மிஸ்டேக்தான்."

"செக் பண்றேன் சார்."

"அடுத்த வெள்ளிக்கிழமை அவங்க வர்றாங்க. அதுக்குள்ள விரிசல் நிக்காம விழணும். இல்லைன்னா வேற யார்கிட்டயாவது கொடுத்துடலாம். உங்களுக்கும் எதுக்கு டென்ஷன்?"

மரியாதையாகத்தான் சொன்னார். ஆறாவது மாசத்தில் கையிலிருக்கும் ஒரே வேலையை வேறு யாரிடமாவது கொடுத்தால் ஏழாவது மாசம் நான் எங்கே இருப்பேன் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர் மேல், மீதி அவர் சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்ற பயத்தின் மேல்.

அலசிப் பார்த்தேன். பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருந்தால் எல்லா இடத்திலும் மாறியிருக்க வேண்டும். நான் பிடித்து இழுக்கிற இரண்டு ஓரமும் நீலமாகியிருக்க வேண்டும். ஓரங்கள் சிவப்பாகத்தான் இருந்தன. கட்டங்களைப் பொடிப்பொடியாக்கிப் பார்த்தேன், மெதுவாக இழுத்துப் பார்த்தேன். விரிசல்களின் இடைவெளி அடுக்கின் கனத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நடுவில் நீலம் வந்து உட்கார்ந்துவிடும். அதற்கப்புறம் யார் சொன்னாலும் கேட்காது.

சனிக்கிழமை ஹெப்பகோடியில் எங்கள் வீட்டு பால்கனியில் ஒரு பழைய சைக்கிள் டியூப் கண்ணில் பட்டது. பெயிண்டுக்கு முன்னால் சுவரில் பூசிய வெள்ளைப் பட்டி மாவும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. டியூபைக் கிழித்து விரித்து, பாதிக்கு மெல்லிசாகவும் பாதிக்குக் கனமாகவும் பட்டியைக் குழைத்துத் தடவி வெயிலில் போட்டேன். மறுநாள் காலை கணவரைக் கூப்பிட்டு ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னேன். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக பெங்களூரில். வீட்டில் எங்கள் இருவர் தமிழிலும் கன்னடம் தானாகக் கலந்துவிடும்.

"ஞாயித்துக்கிழமை இதுக்கா எழுப்பினே?"

"ஸ்வல்ப இழுங்க. கொஞ்சமா, மெதுவா."

கறுப்பு ரப்பர் மேல் வெள்ளையில் ஒரு கோடு கீறிற்று. அப்புறம் இன்னொன்று. கோடுகளுக்கு நடுவில் கோடுகள். மெல்லிசான பக்கம் பொடிப்பொடியாக, கனமான பக்கம் பெரிய பெரிய துண்டாக. சட்டென்று நின்றது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். துண்டுகள் ஒன்றையொன்று விட்டு விலகினவே தவிர ஒரு துண்டும் உடையவில்லை.

பட்டி நடுவில் அமுங்குகிறதா என்று டியூப் சொல்லாதுதான். ஆனால் நிற்கும் என்று சொல்லிவிட்டது. மலையில் கோடி வருஷமாக நடந்தது எங்கள் பால்கனியில், துணிக்கொடிக்குக் கீழே நடந்துகொண்டிருந்தது.

"உன்னை மாதிரியே இருக்கு," என்றார் அவர். "ஆபீஸ் ஒரு பக்கம் இழுக்குது, வீடு ஒரு பக்கம். நீ உடையலை பாரு."

"பாறையைப் பாறையாவே இருக்க விடுங்க," என்றேன். எனக்குச் சுள்ளென்று வந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தைக் கொண்டுவந்து என் தலையில் மாட்டுவானேன்?

வெள்ளிக்கிழமை தண்ணீர் கம்பெனியிலிருந்து புவியியல் படித்த ஒரு அம்மாள் வந்தார். கன்னடத்துக்காரர், நன்றாகத் தமிழ் பேசினார். நான் எதையும் மாற்றவில்லை. மாற்றவில்லை என்று மேலாளரிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிற்று. திரையில் விரிசல்கள் விழுந்தன, நெருங்கின, நின்றன. நடுவில் நீலம்.

"ஏன் நிக்குது?" என்று அந்த அம்மாள் மேலாளரைக் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார்.

"துண்டோட நடுவுல இப்போ இழுப்பே இல்லை மேடம். அமுக்கம்தான் இருக்கு. அதனால அங்க உடையாது," என்றேன்.

"அடுக்கோட கனத்தை ரெண்டு மடங்கு ஆக்குங்க."

ஆக்கினேன். ஓடி முடிய ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும். டீயும் வந்தது, யாரும் தொடவில்லை. மேலே ஜிம்மில் எதையோ போட்டார்கள், டம்ளர்கள் ஆடின. திரையில் ஒன்று, நடுவில் ஒன்று, அதற்கு நடுவில் ஒன்று. பழைய இடைவெளிக்கு இரண்டு மடங்கில் நின்றது. நீலம் வந்தது.

அந்த அம்மாள் போனில் ஒரு படத்தை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். எங்கோ சாலைக்காக வெட்டிய ஒரு குன்றின் பக்கவாட்டு. மெல்லிய அடுக்குகளில் நெருக்கமாகக் கோடுகள், கனத்த அடுக்குகளில் தள்ளித்தள்ளி. "இதைப் பத்து வருஷமா வச்சிருக்கேன்," என்றார். "நிக்கிறதை இப்பதான் பார்க்கிறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

அவர் போன பிறகு மேலாளர் ஆறிய டீயைக் கையில் வைத்துக்கொண்டு திரை முன்னாலேயே நின்றார். "பிளஸ் மைனஸ் சரிதான் மேடம்," என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அடுத்த வாரம் அஞ்சு அடுக்கு வச்சுப் பார்க்கலாம். நீங்களே போடுங்க."

பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்குள் கணவர் போன் பண்ணிவிட்டார்.

"என்ன ஆச்சு?"

"கனத்தை ரெண்டு மடங்கு பண்ணச் சொன்னாங்க. சரியா ரெண்டு மடங்கு தள்ளி நின்னுச்சுங்க. அந்த அம்மா ஒரு குன்றோட படம் காட்டினாங்க, அப்படியே நம்ம டியூப்."

"சரி, வேலை?"

"அதுவும் இருக்கு," என்றேன். "முதல்ல இதைக் கேளுங்க."