சர்நேம் கட்டத்தில் ஒரு துபுவா

ஒரகடத்தில் கம்பெனி கேட்டில் உட்கார்ந்து பாஸ் போடுகிறவளுக்கு ஊரார் பேரெல்லாம் அத்துப்படி. அவள் பேரைத்தான் எவனும் நிம்மதியாக விடமாட்டான். ரிசப்ஷன் வேலை பார்க்கிற சகோதரிகளே, உங்களுக்குப் புரியும்.

கவிதா ஏகாம்பரம்

சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் பாஸ் தராது. நம்ம ஜனங்களுக்கு ஏது சர்நேம்? அந்தக் கட்டத்தில் அப்பா பேரை டைப் அடித்துத் தள்ளுவேன். அட்டையில் அதுதான் கொட்டை எழுத்தில் வரும். புதிதாகச் சேர்ந்த வல்லக்கோட்டை கவிதா, லைனுக்குப் போன அரைமணியில் திரும்பி ஓடி வந்தாள்.

"அக்கா, சூப்பர்வைசர் என்னை ஏகாம்பரம்னு கூப்புடுறாரு. எங்கம்மாகூட இதுவரைக்கும் அந்தப் பேரச் சொன்னது இல்லக்கா!"

டீ தேடி வந்தது

என் கட்டம் மட்டும் எப்போதும் நிறைந்திருக்கும். ஸ்டெல்லா துபுவா. அப்பா வழி பாண்டிச்சேரி. மூன்று வருஷமாக கான்ட்ராக்டில் இருக்கிறேன், ஒரு நாய் சீண்டவில்லை. பிரான்சிலிருந்து புது டைரக்டர் வருகிறார், அவர் பேரும் துபுவா என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அவ்வளவுதான், மேஜைக்கு டீ தானாக வர ஆரம்பித்தது. எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. செக்யூரிட்டி டில்லிபாபு அண்ணன் என் காதருகே குனிந்தார்.

"இன்னா பாப்பா, டைரக்டரு உனக்கு சித்தப்பாவா, பெரிப்பாவா?"

இல்லாத சொந்தம்

டீ குடித்த வாய் ஆறுவதற்குள் எச்.ஆர். சார் கூப்பிட்டார். பர்மனென்ட் லிஸ்டில் என் பேர் இருந்ததாம், நிறுத்தி வைத்துவிட்டாராம். டைரக்டரின் உறவினரை எடுக்கக் கூடாதென்று ரூலாம். சொந்தம் இல்லை என்பதற்கு வெள்ளிக்கிழமைக்குள் ப்ரூஃப் வேண்டுமாம். அட கடவுளே! சொந்தம் இருக்கு என்றால் ஒரு ரேஷன் கார்டைக் காட்டலாம், இல்லை என்பதற்கு எதைக் காட்டுவேன்?

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. குன்றத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே அப்பாவுக்கு போன் போட்டுக் கத்தினேன், "இந்தப் பேர் நமக்கு எப்படிப்பா வந்துச்சு?" பிரெஞ்சுக்காரன் காலத்தில், சாதி வழக்கம் எதுவும் எங்களுக்கு வேண்டாம் என்று சர்க்கார் ஆபீஸில் எழுதிக் கொடுத்தால் குடும்பத்துக்கு ஒரு பேர் எடுத்துக்கொள்ளலாமாம். எங்கள் பூட்டன் இதை எடுத்துக்கொண்டாராம். கேட்டதும் பஸ்ஸிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா மெல்லச் சொன்னார்.

"நீ எந்தத் தெரு, யாரு வூட்டு ஆளுன்னு எவனும் கேக்கக் கூடாதுன்னு வாங்கின பேரும்மா அது."

வெள்ளிக்கிழமை

டைரக்டர் வந்தார். அவருக்கும் நான்தான் பாஸ் போட்டேன். என் அட்டையைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். பக்கத்தில் எச்.ஆர். சார், சொந்தம் இல்லை என்பதற்கான ஃபாரத்தோடு நெளிந்தார். இனி விட்டால் போச்சு என்று, தெரிந்த இங்கிலீஷில் பூட்டன் கதையைக் கொட்டிவிட்டேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் ஊரில் தெருவுக்கு நாலு துபுவாவாம். அத்தனை பேரும் சொந்தம் என்றால் கல்யாணத்துக்கு மண்டபம் கிடைக்காதாம். "இவர் எனக்கு உறவினர் அல்லர்" என்று ஃபாரத்தில் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பர்மனென்ட் ஆர்டர் கையில் வந்தது. முதலில் டில்லிபாபு அண்ணனிடம்தான் ஓடினேன். ஆர்டரைப் பார்த்தார், ஃபாரத்தைப் பற்றிச் சொன்னதையும் கேட்டார், கண்ணைச் சிமிட்டினார்.

"சொந்தம் இல்லன்னு அவரே எழுதிக் குடுத்தாரா? அப்போ கண்டிப்பா சொந்தக்காரருதான், உடு!"

எவனும் கேட்கக் கூடாதென்று பூட்டன் வாங்கி வைத்த பேருக்கு, எட்டு மணி நேர ஷிப்ட் முழுக்க பதில் சொல்கிற வேலை எனக்கு பர்மனென்ட் ஆகிவிட்டது.