துரைக்குத் தமிழ் தெரியாது

அப்பா ஆங்கிலோ இந்தியர், ரயில்வேயில் வேலை. அம்மா நொச்சிக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண். அப்பாவின் செம்பட்டை முடியும் பூனைக்கண்ணும் எனக்கு வந்தன. வாய் மட்டும் அம்மாவுடையது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் அலுவலகக் கால்பந்து அணி என்னை ஓர் ஆட்டத்தில் இறக்கிப் பார்த்தது. நன்றாக ஆடினால் அணியில் இடம், அலுவலகத்தில் வேலை. மயிலாப்பூர் மைதானத்தில் பயத்தில் நான் வாயே திறக்கவில்லை. அதுதான் என்னைக் காப்பாற்றியது.

எதிரணித் தடுப்பாட்டக்காரர் என் காதருகிலேயே நின்று கோல்கீப்பரிடம் கத்தினார்.

"துரைக்குத் தமிழ் தெரியாது மச்சி! லெப்ட்லயே பூந்துக்கினு கீறான். நீ லெப்ட்லயே நில்லு!"

நான் ஒன்றும் புரியாதவன் போல முகத்தை வைத்துக்கொண்டு, வலப்பக்கம் அடித்தேன். கோல்! அடுத்த திட்டத்தையும் அப்படியே உரக்கச் சொன்னார். இரண்டாவது கோலும் விழுந்தது. சந்தோஷத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை.

"இன்னா நைனா, ரைட்டுன்னு ஒண்ணு கீதே, அத்த மறந்துட்டியா?"

அவர் வாயைப் பிளந்தார். அடிக்கத்தான் ஓடி வருகிறார் என்று நினைத்தேன். வந்தவர் சேறும் வேர்வையுமாக என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடப்பாவி, நீ நம்ம ஆளா!"

வேலை கிடைத்தது, பல ஆண்டுகள் ஆடினேன். ஆனால் அப்பாவின் உறவினர்களுக்கு நான் குப்பத்துப் பையன், குப்பத்துக்கோ துரை வீட்டுப் பிள்ளை. முதன்முதலில் என்னை 'நம்ம ஆள்' என்றவர், என்னிடம் இரண்டு கோல் வாங்கிய அந்தத் தடுப்பாட்டக்காரர்தான்.