அப்பாசாமி மாமாவின் ஒற்றைக் காலுறை

என் அக்கா கமலவேணியின் புருஷன் அப்பாசாமி. நாங்கள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் பேட்டையான காஜா பேராங்கில் மாரியம்மன் கோவில் வாசலில் பூ கட்டி விற்றார். ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழம் மாதிரி இருக்கும். ஆனால் அந்த விரல்களில் மல்லிகைச் சரம் இறங்கும் வேகத்தைப் பார்க்கவே கூட்டம் நிற்கும். கை நல்ல கைதான், வாய்தான் சரியில்லை. யார் எதைத் தெரியுமா என்று கேட்டாலும் தெரியும் என்பார். பல் பிடுங்கத் தெரியுமா என்று கேட்ட மருதமுத்துவுக்கு, வலித்த பல்லை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் இருந்த நல்ல பல்லைப் பிடுங்கிக் கொடுத்தவர் அவர். அதற்கப்புறம் மருதமுத்து பூ வாங்கக்கூட வரவில்லை.

1943-இல், சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் லாரி லாரியாக ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குத் தெரிந்து போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. அந்த நேரத்தில் ஜப்பான் அதிகாரி ஒருவர் கடை முன்னால் வந்து, மாமா பூ கட்டுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கூட வந்தவர் பண்டார் ஹிலிர் பேட்டையைச் சேர்ந்த கருணாகரன். அதிகாரி பேசுவதைத் தமிழில் சொல்வது அவர் வேலை. அதிகாரி பையிலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை எடுத்துக் காட்டினார். அவருடைய அம்மா பின்னிக் கொடுத்ததாம். அதன் ஜோடியைக் கொடியிலிருந்து நாய் கவ்விக்கொண்டு போய்விட்டதாம். இதேபோல் ஒன்று பின்னத் தெரியுமா என்று கேட்டார்.

மாமா வழக்கம்போல் தெரியும் என்றார்.

அப்புறம்தான் கருணாகரன் மிச்சத்தைச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை லாரிக்கான பட்டியலில் மாமாவின் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. வியாழக்கிழமைக்குள் காலுறை வந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். வராவிட்டால் லாரியில் முதல் ஆளாக ஏற வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அக்கா கையிலிருந்த மரவள்ளிக்கிழங்கை அப்படியே கீழே போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். மிஷன் பள்ளியில் படித்தவள் நான் ஒருத்திதான். அங்கே ஆறாம் வகுப்பில் கழுத்துத் துண்டு பின்னச் சொல்லிக் கொடுப்பார்கள், ஏழாம் வகுப்பில் காலுறை. நான் ஏழாம் வகுப்புக்குப் போவதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். ஆகவே நேராகப் பின்ன எனக்குத் தெரியும், வட்டமாகப் பின்னத் தெரியாது. காலுறைக்கு இரண்டு பக்கமும் கூரான ஊசி நான்கு வேண்டும் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. மூன்றில் கண்ணிகளை, அதாவது நூல் வளையங்களை, பங்கு போட்டு வட்டமாக நிறுத்தி, நான்காவதால் பின்னிக்கொண்டே சுற்றி வர வேண்டும்.

ஊசி கிடைக்கவில்லை. மாமா தன் சைக்கிளின் பின் சக்கரத்திலிருந்து நான்கு கம்பிகளைக் கழற்றி, இரண்டு முனையையும் அம்மிக்கல்லில் தேய்த்துக் கூராக்கினார். நூலுக்கு ஒரு பழைய வெள்ளைக்காரக் கம்பளிச் சட்டையைப் பிரித்தோம். நான் சொல்லிக் கொடுத்த பின்னல் ஒரு வழியாக மாமாவின் விரலுக்குப் படிந்துவிட்டது, வட்டம்தான் படியவில்லை. முதல் சுற்றிலேயே ஒரு கம்பியைப் பிடித்தால் இன்னொரு கம்பி கண்ணிகளை உதறிவிட்டுத் தரையில் குதிக்கும். எப்படியோ குதிக்காமல் பிடித்து இரண்டு அங்குலம் பின்னினால், அடியில் வரிசை புரண்டிருந்து, முழுவதும் முறுக்கு மாதிரி திருகிக்கொண்டு வரும். அதில் கால் போகாது. அப்போதும் மாமா, ஜப்பானில் குளிர் அதிகம், அங்கே இப்படித்தான் போடுவார்கள் என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கம்பியாலேயே குத்தியிருப்பேன்.

ஆறு தடவை பிரித்தோம். செவ்வாய்க்கிழமை காலை ஏழாவதும் புரண்டது. மாமா முதல்முறையாக வாய் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அக்காவுக்கு அது ஆத்திரமாக வந்தது.

"கொண்டைக்குச் சுத்துற சரத்த எப்பவாச்சும் வட்டமாவே கட்டியிருக்கீங்களா? நீட்டா கட்டிட்டு அப்புறந்தானே வளைக்கிறீங்க. இத மட்டும் ஏன் எடுத்தவொடனே வட்டமா பிடிச்சிக்கிட்டு சாவுறீங்க?"

நானும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாற்பத்தெட்டுக் கண்ணிகளையும் ஒரே கம்பியில் ஏற்றி, இரண்டு கம்பியை மட்டும் வைத்துக்கொண்டு கழுத்துத் துண்டு போலப் போய் வந்து நான்கு வரிசை பின்னினோம். இப்போது அது ஒரு பட்டி. அகலம் இருப்பதால் புரண்டால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கம்பிகளும் பட்டியின் கனத்தில் துள்ளாமல் அடங்கிக் கிடந்தன. கம்பிக்குப் பதினாறாகப் பிரித்து, இரண்டு முனையையும் சேர்த்து, நான்காவது கம்பியால் சுற்றத் தொடங்கினோம். ஒரு கண்ணிகூட நழுவவில்லை. ஆரம்பத்தில் சேராமல் நின்ற சின்னப் பிளவை, தொங்கிக்கொண்டிருந்த வால் நூலைக் கொண்டே தைத்து மூடினேன். தானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்ததாக மாமா சொன்னார். ஜப்பான் காலுறைக்குக் குதிகால் கிடையாது, வெறும் குழாய்தான். அந்த ஒரு புண்ணியத்துக்காக அவர்களை நான் கொஞ்சம் மன்னித்தேன்.

வியாழக்கிழமை மாமா அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதிகாரி வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிட்டார். வீட்டில் யாரும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை லாரி எங்கள் வாசலில் வந்து நின்றது. பின்னால் ஆட்கள் குந்தியிருந்தார்கள். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார். அக்கா அவர் சட்டையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கருணாகரன் மட்டும் இறங்கி வந்து, அதிகாரியின் அம்மா பின்னிய அந்தப் பழைய காலுறையை நீட்டிக் காட்டினார். துவைத்துத் துவைத்து அது சுருங்கிப்போயிருக்கிறதாம், புதியதன் பக்கத்தில் வைத்தால் ஒரு விரல் குட்டையாகத் தெரிகிறதாம். புதியதன் அளவுக்கு இன்னொன்று வேண்டுமாம்.

"அவசரமில்லன்னு சொல்றாரு. அது முடியிற வரைக்கும் ஒங்க பேரு பட்டியல்ல ஏறாது."

லாரி மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எங்களுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன, லாரியில் இருந்தவர்களை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. மூச்சு வந்ததும் மாமா கம்பிகளைத் தேடினார். நாளைக்குள் முடித்துக் காட்டுகிறேன் பார் என்று ஆரம்பித்தார். அக்கா கம்பிகளை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"மெதுவா பின்னுங்க. சண்ட முடியிற வரைக்கும் பின்னுங்க."