சந்தனம் வைத்த பேஸ் கித்தார்

என் பேஸ் கித்தாரின் மெல்லிய கம்பி ஒரு மாதமாகக் கரகரத்துக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் அது தேன்கூட்டைக் கலைத்த சத்தமாகவே கேட்டது. எங்கள் குழு கிள்ளான் பக்கம் கல்யாணம், பிறந்தநாள் என்று எல்லா விருந்துக்கும் வாசிக்கும். பக்கத்து ஊரான மேருவில் இருக்கும் குழுத் தலைவர் பொறுமைசாலி. அவரே பூச்சோங் விருந்து முடிந்து சாமான்களை வேனில் ஏற்றும்போது சொல்லிவிட்டார்.

“தம்பி, சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ்ல ட்வென்டி ஒன் பர்த்டே. புரட்டாசி, கோழி கிடையாது. பாட்டாவது நல்லா இருக்கணும் லா. உன் கித்தார் சரியாகலன்னா பேஸுக்குக் கீபோர்டுக்காரரோட இடது கையே போதும்.”

கீபோர்டுக்காரர் இடது கையை ஆட்டிக் காட்டிச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேஸ் வாசிப்பவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. நான் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்க வேண்டியதுதான்.

கடைக்குக் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் யூடியூப் பார்த்து எல்லாம் தெரிந்துகொண்டவனுக்குக் கடை எதற்கு? கித்தாரின் கழுத்துக்குள் ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறது. அதை ஆலன் கீயால் திருகினால் கழுத்து கொஞ்சம் வளையும், அல்லது நிமிரும். வாரம் முழுவதும் வேலை முடிந்து வந்து அதைத்தான் திருகினேன். இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று. கம்பியின் உயரத்தை ஏற்றியும் பார்த்தேன், இறக்கியும் பார்த்தேன். கரகரப்பு அசையவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடைசி முயற்சியாகக் கம்பிகளைத் தளர்த்திவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் கித்தாரைக் காணோம். சாமி மேடையில் என் மனைவியின் லேப்டாப், கார் சாவி, கத்தரிக்கோல் இவற்றுக்கு நடுவே மாலையும் கழுத்துமாகச் சாய்ந்திருந்தது. ஆயுத பூஜை! உடம்பில் மூன்று பொட்டு. போதாதென்று கழுத்தின் மேல்முனையில், கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் சின்ன வெள்ளைப் பட்டையின் மேல், கம்பிக்கு ஒன்றாகத் தாராளமாகச் சந்தனம்.

“ஐயோ, இன்னும் வேலை முடியலமா!”

“பூஜைக்கு வச்சாச்சு. காலையில விளக்கேத்தின பிறகுதான் எடுக்கணும். அதுக்கும் உங்க கையிலேருந்து ஒருநாள் லீவு வேணும்ல?”

காலையில் எடுத்தபோது சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. உடம்பில் இருந்ததைத் துடைத்தேன். மேலே பட்டைப் பக்கம் கை போனதும் அவள் முறைத்தாள், விட்டுவிட்டேன். சுருதி சேர்த்து மெல்லிய கம்பியை மீட்டினேன். சுத்தமாகப் பேசியது. நம்பமுடியாமல் மறுபடி மீட்டினேன். ஒரு வாரம் திருகியது ராத்திரி ஓய்வெடுத்ததும் பலித்திருக்கிறது என்று எனக்கு நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

அன்று மண்டபத்தில் வாசித்ததுதான் வாசிப்பு. கேக் வெட்டியதும் ஆடத் தொடங்கிய மாமாக்கள் பாயசம் ஆறும்வரை நிறுத்தவில்லை. கீபோர்டுக்காரரின் இடது கை என் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. தலைவர் முதுகில் தட்டி, “யாருகிட்ட செட்டப் பண்ண?” என்றார்.

“நானேதான் அண்ணே,” என்றேன், கொஞ்சமும் கூசாமல். கிள்ளான் வந்து சேரும்வரை, விருந்துக்குக் கூட வந்திருந்த மனைவிக்கு அந்த இரும்புத் தண்டைப் பற்றி வகுப்பெடுத்தேன். பாவம், பாதி வழியிலேயே தூங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வேலை செய்த சாமானுக்கு மரியாதை செய்யலாமென்று உட்கார்ந்தேன். கம்பிகளைத் தளர்த்தி, வெள்ளைப் பட்டையின் பள்ளங்களில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். சுருதி சேர்த்து மீட்டினேன். கர்ர்ர்.

விரலால் அழுத்தி வாசித்தால் கரகரப்பில்லை. அழுத்தாமல் மீட்டினால்தான் கரகரக்கிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கழுத்தில் ஒரு கோளாறும் இருந்ததில்லை. பட்டையில் பள்ளம் தேய்ந்து, கம்பி தாழ்ந்து கழுத்தில் உரசியிருக்கிறது. தளர்ந்த கம்பிக்கு அடியில் புகுந்த சந்தனம் காய்ந்து, அதை மயிரிழை தூக்கிப் பிடித்திருக்கிறது. வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

போனில் தலைவரின் குரல் செய்தி வந்தது. “தம்பி, அடுத்த வாரம் ரவாங்ல வாசிக்கிறோம். அதே செட்டிங் லா. புண்ணியமாப் போகும், அதுல கை வைக்காத.”

கித்தாரைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனேன். “அந்தச் சந்தனம் மிச்சம் இருக்கா?”

மனைவி கித்தாரைப் பார்த்தாள். என் கையிலிருந்த டூத்பிரஷ்ஷையும் பார்த்தாள்.

“குளிச்சிட்டு வந்து கேளுங்க,” என்றாள்.