கொரியாக்காரரின் கோர்ன் டோக்

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையின் முனையில் அவர் கோர்ன் டோக் விற்றார்; சீஸும் சொசேஜும் குச்சியில் குத்தி, மாவில் தோய்த்துப் பொரிக்கும் கொரியத் தின்பண்டம். நாற்பது வயதிருக்கும். கொரியாவில் மீன் ஃபெக்டரியில் வேலை செய்துவிட்டு வந்தவர் என்பதால் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு அவர் ‘கொரியாக்காரர்’. முன்கைகள் இரண்டிலும் எண்ணெய் தெறித்த தழும்புகள். எவருக்கும் ஒற்றைக் கையால் கொடுக்கமாட்டார். கொரியாவில் பழகியபடி குச்சியை இரண்டு கையாலும் பிடித்து, தலையைச் சற்றுத் தாழ்த்தித்தான் நீட்டுவார்.

போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டு, கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்தவள் நான். கடித்து இழுத்தேன். சீஸ் நூலாக நீளவில்லை. ரப்பர் மாதிரி அறுந்தது. மேலே சீனி, உள்ளே உப்புக் கரிக்கும் சொசேஜ். எரிச்சல் வந்தது.

“அண்ணே, கொரியாவிலயும் இப்பிடித்தானா?” என்று குத்தலாகவே கேட்டேன்.

“தெரியாது தங்கச்சி. நான் அங்க சாப்பிட்டதில்ல.”

“அவ்வளவு வருஷம் இருந்துமா?”

“இது விக்கிற கடை ஃபெக்டரிக்கு முன்னாலதான். மீன் நாத்தத்தோட உள்ள வரவேணாமெண்டு சொல்லிப்போட்டாங்கள். லீவு நாளில குளிச்சிட்டுப் போனாலும் அதே கதைதான். மணம் மட்டும் சரியெண்டு தெரியும். அது வெளியில நிக்கிறவனுக்கும் வரும்தானே.”

அடுத்த குச்சியை எண்ணெயில் இறக்கிவிட்டு, “நீங்க சொல்லுங்க, ருசி சரியா?” என்றார்.

“ஓம் அண்ணே, அப்பிடியேதான்” என்றேன், என்னவோ கொரியாவுக்குப் போய் வந்தவள் மாதிரி.

அவர் நம்பிவிட்டார். அடுத்து வந்த பெண்ணுக்கு இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டே சொன்னார்: “அங்கத்த ருசியேதான். இந்தத் தங்கச்சிக்குத் தெரியும்.”

அவர் பார்த்துக்கொண்டு நிற்க, குச்சி வெறுமையாகும்வரை தின்று முடித்தேன்.